கண்ணைக் கட்டிய வகுப்பு

அன்பு மகளுக்கு,

இறைவனின் திருவருள் உன் கைப்பணியில் என்றும் தங்குக.

கைநடுக்கம் முற்றிய உன் அம்மா, நான் ஊட்டும் உணவைச் சில நாட்களாக மறுத்து மெலிந்துவருவதை நீ அறிவாய். செவிலியர்க்கு நீ நடத்திய பயிற்சியில் ஓர் ஆள் குறைகிறதென்று நேற்று என்னையும் அமரவைத்துக் கண்ணைக் கட்டினாய். எதிரிலிருந்த செவிலி பேசாமல் சூப் ஊட்டினாள். கரண்டி எப்போது வரும், சுடுமா என்று அறியாமல் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

பிறகு எல்லோரையும் வட்டமாக அமர்த்தி, "என்ன தோணுச்சு?" என்று மட்டும் கேட்டாய்.

"தினமும் இப்படித்தான்க்கா ஊட்டுறேன். சூடு சரியா இருக்கான்னு ஒருத்தரையும் கேட்டதில்ல" என்று அந்தச் செவிலி கண்கலங்கினாள்.

கருணையைப் பற்றிய என் சொற்பொழிவுகள் எந்த அவையையும் அவ்வாறு அசைத்ததில்லை. உன்னைப் பார்த்துப் பெருமையில் நிமிர்ந்து அமர்ந்திருந்தேன்.

இன்று மாலை உன் அம்மாவிடம், "இப்போ தரட்டுமா? சூடு போதுமா?" என்று கேட்டுக் கேட்டு ஊட்டினேன். கிண்ணம் காலியாயிற்று.

"யாரு கத்துக்குடுத்தா?" என்று கேட்டாள்.

"என் மக."

"அடேயப்பா! 'உன் மக வகுப்புல விளையாட்டுக் காட்டுறா'ன்னு சொன்னவரு நீங்கதானே? இப்ப மட்டும் உங்க மகளா?"

ஆம், என் மகளேதான்.

இங்ஙனம்,
உன்னைப் பெற்ற பேறுடைய தந்தை