மணலுக்கு ஒரு சேவல்

ஓமன்
12.9.1994

அன்புள்ள ஞானப்பூ,

ஆண்டவர் கிருபையில நான் சுகமா இருக்கேன். பரளச்சியில நீயும் பாப்பாவும் எப்படி இருக்கீங்க? அப்பாவுக்கு மூச்சிரைப்பு தேவலையா?

இங்க கிணத்துல இருந்து கேஸோட மணலும் சேர்ந்து வரும். அதைப் பிரிக்க ஒரு இரும்புக் கூம்பு இருக்கு. கேஸ் அதுக்குள்ள வேகமாச் சுழலும்போது மணல் ஓரத்துல ஒதுங்கி, அடியில இருக்கிற தொட்டியில விழுந்துரும். போன வாரம் தொட்டி நிரம்பினதை யாரும் கவனிக்கலை. மிஞ்சின மணல் குழாய் வளைவை அரிச்சு ஓட்டை போட்டுருச்சு. நான் பக்கத்துல நின்னேன். கூட வேலை பாக்குற வர்கீஸ் சத்தம் மாறினதைக் கேட்டு, கேஸ் பீறிட்டு அடிக்கிறதுக்குள்ள என் காலரைப் பிடிச்சு இழுத்துட்டாரு. சட்டைதான் கிழிஞ்சது.

அருப்புக்கோட்டையில ரெண்டு சட்டை தைச்சுக் கொடுத்து விடு. ஒண்ணு வர்கீஸுக்கு. அவருக்குத் தோள் அகலம். சட்டையைச் சுத்த உன் பழைய சேலையையே எடுத்துக்கோ.

நான் வந்ததும் அடிக்கன்னு வளக்குறியே சிவப்புச் சேவல், அதை அறுப்புப் பண்டிகைக்குக் கோயில்ல காணிக்கையாக் கொடுத்துரு. பாதிரி ஐயர் காணிக்கைக்கான காரணத்தைச் சபையில வாசிப்பாக, நடந்தது அப்பா காதுல விழும். அதனால ஆடு குட்டி போட்டதுக்காகன்னு எழுதிக் கொடு.

கடுதாசி கொண்டுபோற வண்டி வந்துருச்சு. பாப்பாவுக்கு முத்தம். கோயில்ல காணிக்கைச் சேவலை ஏலம் விடும்போது மட்டும் அழுதுராத. ஆட்டுக்குட்டிக்காக யாரும் அழமாட்டாக.

உன்
கிறிஸ்டோபர்