பள்ளிக்கூட மணியும் அனோஜாவும்

பூண்டுலோயா,
வியாழக்கிழமை.

அன்பு மகள் தெரேசாவுக்கு,

குவைத்தில் நீ தேக சுகத்தோடு இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. போனில் பேசினால் எனக்கு நாக்குத் தடுமாறும். அதனால் எழுதிவிட்டேன். பக்கத்துக் காம்பிராவில் குடியிருக்கும் பிரேமினி இதைப் படமெடுத்து அனுப்புவாள்.

முதலில் முக்கியமான செய்தி. உன் பிள்ளை அனோஜாவைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்கிறார்கள். கண்டி சிஸ்டர்மாரின் விடுதியில் நீ கேட்டு வைத்த இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு. நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

மணி அடித்தால் அலறிக்கொண்டு மேசைக்கடியில் ஒளிகிற பிள்ளையை இந்தத் தவணைக்கு மேல் வைத்திருக்க முடியாது என்று டீச்சர் சொன்னது உனக்குத் தெரியும். நுவரெலியா கிளினிக்கில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் தனுஜா மிஸ்ஸிடம் காட்டினேன். கைக்குழந்தை சத்தம் கேட்டால் கையை விரித்துத் திடுக்கிடுமே, வளர வளர அது தானாக அடங்க வேண்டுமாம். அனோஜாவுக்கு இன்னும் அடங்கவில்லை என்றார். தலையைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினால் கத்துவதும், பின்னால் இருந்து தொட்டால் தள்ளிவிடுவதும் அதனால்தானாம். மருந்து தரவில்லை, தினமும் செய்யப் பயிற்சிதான் சொன்னார். மல்லாந்து படுத்துக் கை காலை விரித்து, பிறகு மெதுவாக முட்டை மாதிரிச் சுருள வேண்டும். முட்டுக்காலிட்டு, கையை ஊன்றி, முன்னும் பின்னும் ஆட வேண்டும். தரை குளிரும் என்று நம் லயத்து வரிசையில் இருக்கும் ராக்காயி, தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியைத் துவைத்துக் கொடுத்தாள்.

முறை தவறாமல் செய்வித்தேன். ஒரு முன்னேற்றமும் இல்லை. என் கையால் ஆகாது என்றே நினைத்தேன். ஒருநாள் மிஸ் தன் முன்னால் செய்து காட்டச் சொன்னார். படங்கை விரித்தேன். கையை ஓங்கித் தட்டி, "அனோஜா!" என்று கூப்பிட்டேன். பிள்ளை துள்ளி விழுந்தது. மிஸ் சிரித்துவிட்டார். "ஐயா, பயத்தைப் போக்கணும்னு வந்துட்டு நீங்களே பெரட்டு கூப்பிடுறீங்களே!" என்றார். தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை பார்த்த பழக்கம், மகளே. காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பெயர் கூப்பிடும்போது மட்டுந்தான் எனக்குச் சத்தம் வரும். அதை வீட்டுக்குள்ளும் கொண்டு வந்திருக்கிறேன்.

பிறகு தட்டுவதில்லை. நானும் பக்கத்தில் படுத்துச் சுருள்கிறேன். ராக்காயி எட்டிப் பார்த்து, "கணக்கப்பிள்ளை ஐயா கம்பளிப்பூச்சி ஆயிட்டாரு" என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டாள். இருக்கட்டும். போன ஞாயிறு பூசைக்கு முன் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினேன். கத்தவில்லை, கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். பயிற்சியாலா, வளர்ந்ததாலா என்று நிச்சயமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆகும் என்று மிஸ்ஸும் சொல்வதில்லை.

நேற்று முடிவு கேட்க டீச்சர் வரச் சொல்லியிருந்தார். வகுப்பு வாசலில் குடையோடு நின்றேன். திடீரென்று மணியாகத் தொங்கும் அந்தத் தண்டவாளத் துண்டில் டங்கென்று அடித்தார்கள். குடை என் கையிலிருந்து விழுந்தது. திடுக்கிட்டது நான்தான்! அனோஜா வாங்குப் பலகையில் உட்கார்ந்தபடி தோளை ஒருமுறை குலுக்கினாள், அவ்வளவுதான். எழுந்து வந்து குடையை எடுத்து நீட்டி, "தாத்தா, பெல்லுதானே, பயப்படாதீங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவ இங்கேயே படிக்கட்டும் ஐயா" என்றார். திரும்பும் வழியில் கண்ட ஆட்களையெல்லாம் நானாக நிறுத்திச் சொன்னேன். என்னை அறிந்த நீ நம்பமாட்டாய்.

நீ புறப்பட்ட அன்று ஹட்டன் ஸ்டேஷனில் அவளைப் பின்னால் இருந்து கட்டிப்பிடித்தாய். அலறித் தள்ளிவிட்டாள். ரயில் மறையும்வரை நீ எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அவள் தள்ளியது உன்னையல்ல, மகளே.

லீவு கிடைத்ததும் வா. அடுத்த தடவை தலைக்கு ஊற்றுவது அம்மாதானாம், அவளே சொல்லிவிட்டாள்.

மாதாவின் நிழல் உன்மேல் இருக்கட்டும்.

உன் அப்பா,
வியாகுலம்