யாரிடமிருந்து பத்திரம்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் சுகம் என்று உன் கடிதம் சொன்னது. உன் முதலாளி தங்கமான மனிதர், உன் பாஸ்போர்ட்டைக்கூட அவரே வாங்கிப் பத்திரமாக வைத்திருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்கு அதை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். குடை, கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி என்று வரிசையாகத் தொலைத்த பிள்ளைக்கு இப்படி ஒருவர் வாய்த்தாரே என்று அவளுக்கு நிம்மதி. எனக்கும்தான்.

அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. மாடிப்படி ஏறிவிடுகிறாள். ஏறியதும் என்னைத் திட்டுகிறாள். திட்ட மூச்சு மிச்சமிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

என் வேலையில் ஒரு நல்ல சேதி. எங்கள் கம்பெனி விற்கும் ஆஸ்பத்திரிச் சீருடைகளைத் தைத்துத் தரும் தொழிற்சாலைக்கு வருடம் ஒருமுறை போய், ஆட்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்ப்பேன் அல்லவா? கடல் தாண்டி வந்த நாற்பத்தாறு பெண்கள் அங்கேயே விடுதியில் தங்கித் தைக்கிறார்கள். என் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: ‘தொழிலாளர்களின் ஆவணங்கள் பத்திரமாக உள்ளனவா?’ மூன்று வருடமாக ‘ஆம்’ என்று எழுதினேன். முதலாளி அறையில் இரும்பு அலமாரி, அதற்கு இரண்டு பூட்டு. ‘நல்ல ஏற்பாடு’ என்று பாராட்டு வேறு. என்னைப் போல ஒரு மண்டு உண்டா?

இந்தத் தடவை, பட்டன் துளை போடும் பெண் கைகழுவும் இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டாள். “பத்திரம் பத்திரம்னு எழுதிட்டுப் போறீங்களே அக்கா, யார்கிட்ட இருந்து பத்திரம்?” என்று கேட்டாள். அவள் அம்மா படுத்த படுக்கையாம். போய்ப் பார்க்க பாஸ்போர்ட் கேட்டால், ‘இந்த ஆர்டர் முடியட்டும்’ என்பார்களாம். ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்துவிடுமாம். எனக்கு வெட்கமாக இருந்தது.

எங்கள் மேலாளர் உடனே வேறு தொழிற்சாலை பார்க்கலாம் என்றார். “நாம கை கழுவிட்டா அந்த அலமாரி திறந்துடுமா சார்?” என்று கேட்டேன். சீக்கிரம் அனுப்பு, சீக்கிரம் அனுப்பு என்று அவர்கள் கழுத்தைப் பிடித்ததும் நாங்கள்தானே. முணுமுணுத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். மூன்று வாரம் கூடுதல் அவகாசம், அடுத்த வருட ஆர்டரும் உங்களுக்கே, ஆனால் அலமாரியைத் திறக்க வேண்டும் என்றோம். “நான் என்ன திருடனா?” என்று தொழிற்சாலை முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். திருடன் இல்லை என்பதால்தான் கேட்கிறோம் என்றேன்.

என் கண்ணெதிரே நாற்பத்தாறு பேருக்கும் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஆளுக்கொரு சின்னப் பெட்டி, அவரவர் சாவி. ஒருத்தி தன் பழைய புகைப்படத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். பட்டன் துளைக்காரி அந்த வாரமே ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, இருபத்தைந்தாம் நாள் தன் மெஷினில் வந்து உட்கார்ந்துவிட்டாள். போனவள் திரும்பமாட்டாள் என்றிருந்த முதலாளி, இப்போது இதெல்லாம் தன் யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிகிறாராம். சொல்லிக்கொள்ளட்டும்.

படிவத்தையும் மாற்றிவிட்டேன். ‘அவரவர் ஆவணம் அவரவர் கையில் உள்ளதா?’ இதை முதலாளியிடம் கேட்கக்கூடாது, தைப்பவர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

அதை எழுதிய கையோடு உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஊருக்கு வருவதாகச் சொல்லி இரண்டு தடவை தள்ளிப்போட்டாய். இரண்டு தடவையும் ‘வேலை முடியட்டும் என்கிறார்’ என்றுதான் எழுதியிருக்கிறாய். அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் முதலாளி நல்லவராகவே இருக்கட்டும். பாஸ்போர்ட்டைக் கேள். சிரித்துக்கொண்டே தந்தால், சந்தேகப்பட்டதற்கு நானே மன்னிப்புக் கேட்டு அவருக்கு எழுதுகிறேன். தராவிட்டால் மறைக்காதே. எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று அக்காவுக்கு இப்போது தெரியும்.

வழக்கமாகப் ‘பத்திரமாக இரு’ என்று முடிப்பேன். இந்தத் தடவை அது வேண்டாம். நீ தொலைத்தாலும் பரவாயில்லையடா, அது உன் கையிலிருந்து தொலையட்டும்.

உன் பதிலுக்கு வாசலையே பார்த்திருக்கும்,
அக்கா