வெட்டாமல் வைத்த இடைவெளிகள்

அப்பா,

மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு மத்தியானம் அந்தப் பழைய பிஸ்கட் டின்னைத் திறந்தேன். மூடி கழன்றதும் தும்மல் பிடித்துக்கொண்டது. ஒன்று, இரண்டு என்று ஏழு வரை போனது. உள்ளே இருந்தவை கேசட்டுகள்தாம். ஆனால் மசாலா மில்லிலிருந்து வந்த கையோடு அவற்றைத் தொட்டு, துடைத்து, அடுக்கி வைத்தவர் நீங்கள் ஆயிற்றே. நீங்கள் போய்ப் பதினெட்டு வருடமாகிவிட்டது. உங்கள் மிளகாய்த்தூள் மட்டும் காஜா பெராங் வீட்டை விட்டுக் கிளம்புவதாக இல்லை.

உங்கள் பேத்தி செங் ஊரிலிருந்து சனி ஞாயிறுகளில் வருகிறாள். வந்தால் சும்மா இருக்க மாட்டாள், உங்கள் ரத்தம். இந்தக் கேசட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிடலாம் என்று ஒரே பிடிவாதம். எங்கிருந்தோ ஒரு பழைய ரெக்கார்டரைத் தேடிப் பிடித்து, ஒயரால் மடிக்கணினியோடு இணைத்தாள். நாடா ஓடும் இடத்தைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்க வேண்டும். தொளதொளவென்று கிடக்கும் நாடாவைப் பென்சில் செருகிச் சுற்றி இறுக்க வேண்டும். இந்த இரண்டு வேலையும் என்னுடையது. அறுபது நிமிடக் கேசட் என்றால் அறுபது நிமிடமும் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். அவசரப்படுத்த முடியாத வேலை. உங்களுக்குப் பிடித்திருக்கும்.

அவளிடம் சொல்லாத ஒரு காரணம் எனக்கு இருந்தது. உங்கள் குரல் எனக்கு வேண்டும். முகம் மறக்கவில்லை, சுவரில் தொங்குகிற படத்தில் போட்டோக்காரரோடு சண்டைக்குப் போகிறவர் மாதிரி முறைத்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள். குரல்தான் நழுவிக்கொண்டே போகிறது. என்னை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று நினைத்துப் பார்த்தால் வார்த்தை வருகிறது, சத்தம் வருவதில்லை.

மூன்று வாரமாக இருபத்திரண்டு கேசட்டுகளைக் கேட்டு முடித்தோம். என் கல்யாணம் இருக்கிறது, கோயில் திருவிழா இருக்கிறது, தம்பியின் முதல் அழுகைகூட இருக்கிறது. அம்மா பேசுகிறார், பாடுகிறார், யாரையோ திட்டுகிறார். எல்லாரும் இருக்கிறார்கள், நீங்கள் மட்டும் இல்லை. எப்படி இருப்பீர்கள்? ரெக்கார்டரின் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திவிட்டு, விரலை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறவர் எப்போதும் நீங்கள்தானே. எனக்கு உங்கள் மீது கோபம்கூட வந்தது.

கடைசியாக மிஞ்சியது ஒன்று. அதன் மேல் என் பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் 'சோதனை' என்று எழுதியிருந்தது. உங்கள் பேத்தி அதை ஓடவிட்டாள். ஒரு பெண் குரல், வேண்டுமென்றே தொண்டையைக் கரகரப்பாக்கிக்கொண்டு, "சியாப்பா நாமா?" என்று பெயர் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. பத்து விநாடி கழித்து அதே குரல், எங்கே பிறந்தீர்கள் என்று மலாயில் கேட்டது. மறுபடியும் ஒன்றுமில்லை. உங்கள் பேத்தி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"யாரும்மா இந்த ஆபீசர்? ரொம்ப கராரா இருக்காரு."

ஆபீசர் நான்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று. அப்போது எனக்குப் பதினாறு வயது. சத்தத்தைக் குறைத்து, நாடாவை ஓடவிட்டபடியே முழுக் கதையையும் அவளுக்குச் சொன்னேன் அப்பா. ஒன்றைத் தவிர.

மலாய் நாடு சுதந்திரம் பெற்று இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் உங்கள் சட்டைப்பையில் இருந்த அடையாள அட்டை சிவப்பு ஐசி. அம்மாவுக்கு நீலம், இங்கே பிறந்த எங்களுக்கும் நீலம். வீட்டில் குடியுரிமை இல்லாதவர் நீங்கள் ஒருவர்தான். அது உங்களை எங்கே உறுத்தியது என்று எனக்குத் தெரியும். தேர்தல் நாளில் மில்லுக்கு விடுமுறை. நீங்கள் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, அம்மாவைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் வரை கூட்டிப் போவீர்கள். அம்மா வரிசையில் நின்று உள்ளே போவார். நீங்கள் கேட்டுக்கு வெளியே மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள். யாராவது ஓட்டுப் போட்டாச்சா என்று கேட்டால், கூட்டம் குறையட்டும் என்று சொல்வீர்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

விண்ணப்பம் போட்டு, ஒரு வழியாக நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. மலாய் பேசத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பசாரில் மீன்காரரைச் சிரிக்க வைத்தே விலையைக் குறைக்கிற உங்களுக்கு மலாய் தெரியாதா? ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்துவிட்டால் உங்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். நீங்கள் போய் யோசனை கேட்டது வேலிக்கு அந்தப் பக்கத்துச் செட்டி அங்கிளிடம். நெற்றி நிறையத் திருநீறு பூசுவார், கோயில் காரியம் எதையும் விட மாட்டார், தலைமுறை தலைமுறையாக மலாயே பேசி வந்த குடும்பம் என்பதால் தமிழ் மட்டும் வராது. நீங்கள் தமிழில் கேட்க, அவர் மலாயில் சொல்ல, நடுவில் நான். என்னென்ன கேட்பார்கள் என்று பத்துக் கேள்விகளை எழுதிக் கொடுத்தார். இன்னொன்றும் சொல்லி அனுப்பினார். எல்லாம் முடிந்ததும் "தெரிமா காசே, துவான்" என்று நன்றி சொல்ல வேண்டும். துவான், அதாவது அந்த ஐயா, பதிலுக்கு "சாமா சாமா" என்பார். அது வரும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது, அதுதான் மரியாதை.

அந்தக் கேள்விகளைக் கேசட்டில் பதிந்து பழகலாம் என்பது உங்கள் யோசனை. மில் முதலாளி கொடுத்த பழைய ரெக்கார்டரைச் சாப்பாட்டு மேசையில் வைத்தீர்கள். நான் கேள்வியைப் படித்துவிட்டு, நாடாவை ஓடவிட்டபடியே பதிலுக்கு இடம் விடுவேன். நீங்கள் தலையாட்டினால் அடுத்த கேள்வி. அந்த இடைவெளியில் உங்கள் வாய் லேசாக அசைந்தது. சாமி கும்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு மாதம் வீட்டில் கூத்துதான். சாயங்காலம் குளித்து, ஈரத் தலையை வாரி, வெள்ளைச் சட்டையும் போட்டுக்கொண்டு ரெக்கார்டருக்கு முன்னால் கைகட்டி உட்காருவீர்கள். அது கேட்கும், நீங்கள் பதில் சொல்வீர்கள். துவானுக்கும் சேர்த்துக் காப்பி கலக்கவா என்று அம்மா கேட்பார். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். பத்தாவது பதில் முடிந்ததும் டக்கென்று பொத்தானை அழுத்தி, மறுபடியும் முதலிலிருந்து. கடைசி வாரத்தில் கேள்வி முடிவதற்குள்ளேயே பதில் வந்து விழுந்தது. எங்கள் எல்லாருக்கும் பெருமை தாங்கவில்லை.

நேர்முகம் நடந்த நாளைப் பற்றி நாம் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை அப்பா. துணைக்கு என்னைக் கூட்டிப் போனீர்கள். கதவு திறந்திருந்தது, நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். அந்த அதிகாரி நல்ல மனிதர். உங்கள் பயத்தைப் போக்க நினைத்திருப்பார். சிரித்துக்கொண்டே, பிள்ளைகள் எத்தனை பேர் என்று முதலில் கேட்டார். நம் கேசட்டில் அது ஆறாவது கேள்வி. நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து உங்கள் பெயரைச் சொன்னீர்கள்.

அவர் தலையாட்டிவிட்டு, என்ன வேலை என்று கேட்டார். நீங்கள் பிறந்த ஊரைச் சொன்னீர்கள். மூன்றாவதில் எனக்குப் புரிந்துவிட்டது. எழுந்து ஓடிவந்து உங்கள் வாயைப் பொத்த வேண்டும் போல இருந்தது, பெஞ்சிலேயே இருந்துவிட்டேன். அவர் கேள்வியை மெதுவாகத் திருப்பிக் கேட்டார். நீங்கள் இன்னும் தெளிவாக அடுத்த பதிலைச் சொன்னீர்கள். பத்தும் சொல்லி முடித்தீர்கள், ஒரு எழுத்துப் பிசகில்லை. "தெரிமா காசே, துவான்" என்றீர்கள். அவர் பேனாவை மூடிவிட்டு, இன்னும் கொஞ்சம் பழகிக்கொண்டு வாருங்கள் என்று தணிவாகச் சொன்னார். நீங்கள் எழுந்திருக்கவில்லை. 'சாமா சாமா' வரவில்லையே. நான் உள்ளே வந்து உங்கள் கையைப் பிடித்த பிறகுதான் எழுந்தீர்கள்.

திரும்பும் வழியில் எனக்குச் செண்டோல் வாங்கிக் கொடுத்தீர்கள். நீங்கள் குடிக்கவில்லை. வீட்டில் அம்மா கேட்டதற்கு, "எனக்குத்தான் காது சரியில்ல. அவரு கேட்டது வெளங்கல," என்றீர்கள். அடுத்த அழைப்பு வர ஒன்பது வருடம் ஆனது. அதற்குள் எனக்குக் கல்யாணமாகிவிட்டது. இரண்டாவது முறை கேசட் இல்லை. ஞாயிறுதோறும் நான் வந்து, நீங்கள் சாப்பிடும்போதும் சைக்கிள் துடைக்கும்போதும் கேள்விகளை மாற்றி மாற்றி வீசினேன். நீல ஐசி வந்தது. முதல் தேர்தலில் நீங்கள் கேட்டைத் தாண்டி நடந்து போனதை, மரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நான் பார்த்தேன்.

உங்கள் பேத்திக்குச் சொல்லாமல் விட்டது இதுதான். கேசட் பதிந்த அன்று, மறுபக்கத்தில் கேள்விகளை இடம் மாற்றிப் பதியச் சொல்லி நீங்கள் கேட்டீர்கள். நான் மாட்டேன் என்றேன். அலுப்பு, வேறொன்றுமில்லை. கால் மணி நேர வேலை. அதைச் செய்திருந்தால் அந்த நாற்காலியில் நீங்கள் அப்படி உட்கார்ந்திருந்திருக்க மாட்டீர்கள். ஒன்பது வருடத்தை நான் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். நீங்கள் அதை ஒரு நாளும் எடுத்துப் பேசவில்லை. அதனாலேயே எனக்கு மன்னிப்புக் கேட்கவும் வழியில்லாமல் போயிற்று.

நேற்று உங்கள் பேத்தி திரையைக் காட்டினாள். என் குரல் வரும் இடத்தில் கோடு மேலும் கீழும் எழும்புகிறது, இடைவெளிகளில் தட்டையாகப் போகிறது. "இந்த எடம்லாம் காலிம்மா. வெட்டிருவோம், ரெண்டு நிமிஷம்தான் மிஞ்சும்," என்றாள். ஒரே அழுத்தில் எல்லா மௌனத்தையும் எடுத்துவிடுமாம். அவள் விரல் அங்கே போய்விட்டது. எனக்கு என்னவோ மனம் வரவில்லை. இரு, ஒரு தடவை காதில் மாட்டிக் கேட்கிறேன் என்றேன். சத்தத்தை முழுசாகக் கூட்டி வைத்தாள்.

முதலில் இரைச்சல்தான். பிறகு தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள், நம் வீட்டு நாற்காலியின் கிறீச். பெயர் கேட்ட பிறகு உள்ள இடைவெளியில், மூச்சுக்கும் கொஞ்சம் மேலே, யாரோ முணுமுணுக்கிறார்கள். அது உங்கள் பெயர். அடுத்த இடைவெளியில் உங்கள் ஊர். ஆறாவதில் எங்கள் எண்ணிக்கை. சாமி கும்பிடவில்லை அப்பா நீங்கள். பதில் சொல்ல எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்து எனக்குத் தலையாட்டியிருக்கிறீர்கள். நான்காவதில் மில் இருமல் ஒன்று வந்து, பாதியில் அடக்கிக்கொள்கிறீர்கள். மூன்று வாரமாக நான் தேடிய ஆள், வெட்டி எறிய இருந்த இடங்களில் உட்கார்ந்திருந்தார்.

பத்தாவது கேள்விக்குப் பிறகு நாடா நிற்கவில்லை. நீங்கள் எப்போதும் பொத்தானை அழுத்திவிடுவதால் அதற்கு அப்பால் இருப்பதை வீட்டில் யாரும் கேட்டதே இல்லை. இப்போது உங்கள் குரல் முழுசாக, பக்கத்தில் இருப்பது போலக் கேட்டது.

"அந்தப் பக்கத்துல மாத்தி மாத்திக் கேளும்மா."

"போதும்ப்பா. எனக்கு வேற வேல இல்லயா?"

என் குரல்தான் அது. கொஞ்சமும் இரக்கமில்லாத குரல். கண்ணை மூடிக்கொண்டேன். நாற்காலி நகர்ந்தது. நீங்கள் சிரித்தீர்கள். உங்களுக்கு அப்படி ஒரு சிரிப்பு இருந்ததை நான் மறந்தே போயிருந்தேன். பிறகு, நேர்முகத்தில் பேசுகிற அதே பணிவோடு, பதினாறு வயது மகளைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"தெரிமா காசே, துவான்."

டக்கென்று ஒரு சத்தம். பொத்தானை அழுத்தியது நான்.

உங்கள் பேத்தியிடம் எதையும் வெட்ட வேண்டாம் என்றேன். அப்படியே சேமித்து, என் கைப்பேசியிலும் ஏற்றிக் கொடுத்தாள். இன்று காலை அவள் கிளம்பிப் போன பிறகு, சாப்பாட்டு மேசையில் கைப்பேசியை வைத்து, எதிரே உட்கார்ந்து முதலிலிருந்து கேட்டேன். இடைவெளிகளில் நான் பேசவில்லை. அவை உங்களுடையவை. கடைசியில் நீங்கள் நன்றி சொல்லி முடித்ததும், டக்கென்ற அந்தச் சத்தம் வந்தது. நான் பதில் சொன்னேன்.

சாமா சாமா, அப்பா. இனி நீங்கள் எழுந்திருக்கலாம்.