முள்வேலிக்கு அஞ்சாத பந்து

ஜூன் 3, திங்கள்
நான்காவது ரப்பர் பந்தும் போச்சு. மழலையர் பள்ளி முள்வேலியில் குத்தி ‘புஸ்’ என்று ஒரு சத்தம். அப்புறம் இருபது பிள்ளைகளின் அழுகை. தலைமை ஆசிரியை வெளியே வந்து, “இனிமே இங்க பந்தே கிடையாது” என்றார். நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காரி. பள்ளியில் எனக்கு வாய் கிடையாது, வீட்டில்தான்.

ஜூன் 5, புதன்
இடைவேளையில் பிள்ளைகள் சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார்கள், பேருந்துக்குக் காத்திருக்கும் பெரியவர்கள் மாதிரி. மூன்று வயதில் ஓடாமல் எப்போது ஓடுவது?

ஜூன் 8, சனி
வீட்டுக்காரர் வேலை செய்யும் கிடங்கில் பெட்டிகளைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் பட்டைகளை வெட்டிக் குப்பையில் போடுகிறார்கள். ஒரு கட்டு கொண்டுவரச் சொன்னேன். காற்றே இல்லாத பந்தை முள் என்ன செய்யும்? கூடை பின்னத் தெரிந்தவளுக்குப் பந்து பின்ன வராதா?

வரவில்லை. வந்தது முட்டை. வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அடைகாக்க வைக்கணுமா?” என்றார்.

ஜூன் 9, ஞாயிறு
பிடிபட்டுவிட்டது! ஆறு பட்டை. ஒவ்வொன்றும் ஒன்றின் மேல், அடுத்ததன் கீழ். ஐந்து மூலை உள்ள ஓட்டை பன்னிரண்டு வந்தால் உருண்டை. ஒன்று தப்பினால் முட்டை. மாடியிலிருந்து கீழே போட்டேன். துள்ளியது. நானும்தான்.

ஜூன் 11, செவ்வாய்
ஐயோ. யாரையும் கேட்காமல் இடைவேளையில் பந்தை உருட்டிவிட்டேன். குண்டுப்பாப்பாவின் கன்னத்தில் கீறல். வெட்டிய நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கூடையில் நுனி நீட்டினால் யாருக்கும் கேடில்லை, அந்தக் கைப்பழக்கம். பந்தைக் கன்னத்தோட அணைச்சுக்குவாங்கன்னு எனக்கு ஏன் தோணல?

அவள் அம்மா, தையல்காரி, திட்டவில்லை. “புள்ள முகம்க்கா” என்றாள், அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

தலைமை ஆசிரியை: “இன்னொரு பந்தைப் பாத்தேன்னா, நீங்களும் வேலைக்கு வர வேணாம்.”

ஜூன் 12, புதன்
பின்னவில்லை.

ஜூன் 16, ஞாயிறு
கை சும்மா இருக்குமா? இந்த முறை ஒவ்வொரு பட்டையையும் இரண்டு சுற்று ஓட்டினேன். நுனியை நகவெட்டியால் மழுக்கி, குறுக்கே போகும் பட்டைக்கு அடியில் செருகினேன். வீட்டுக்காரரின் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். “என் மூஞ்சிதான் கிடைச்சுதா?” என்று கத்தினார். சவரம் செய்யாத முகம். கீறல் விழுந்தால் பந்துக்குத்தான் விழும்.

ஜூன் 18, செவ்வாய்
வேலை போனால் போகட்டும் என்று பந்தோடு முதலில் தையல்காரியிடம் போனேன். புதுத் துணியில் குண்டூசி தேடுவது போல ஒவ்வொரு விளிம்பாகத் தடவினாள். பிறகு தன் கன்னத்தில் வைத்து அழுத்தி உருட்டினாள். பந்தை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். நேரே தலைமை ஆசிரியை அறைக்கு.

“எம்பொண்ணுக்கு இந்தப் பந்து வேணும் டீச்சர்.”

தலைமை ஆசிரியை என்னை முறைத்தார். வெளியே போய்ப் பந்தை முள்வேலி மேல் ஓங்கி எறிந்தார். மாட்டிக்கொண்டது. பிடுங்கி, மறுபடி எறிந்தார். மறுபடி. நான்கு பந்தின் கோபமும் அந்தக் கையில் இருந்தது. பந்து அசரவில்லை.

“ஒரு வாரம் பாப்போம்.”

ஜூன் 19, புதன்
ஓடினார்கள்! முதலில் உதைத்தது குண்டுப்பாப்பா. அழுதேன், வெட்கமில்லாமல்.

ஜூன் 28, வெள்ளி
எல்லாரும் போன பிறகு, மறந்துவிட்ட சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் பள்ளிக்குத் திரும்பினேன். முற்றத்தில் தலைமை ஆசிரியை. ஒரு செருப்பு காலில், ஒன்று கையில். கண் கூரை மேல்.

“பந்து மேல போயிடுச்சு. ஏணி எடுத்துட்டு வாங்க.”

“யார் உதைச்சது டீச்சர்?”

கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டார்.

என் பையில் மூன்று புதுப் பந்துகள் இருந்தன. சொல்லவில்லை. நான் ஏறினேன், ஏணியை அவரைப் பிடிக்கச் சொன்னேன்.