பதினாறரை அங்குலக் கை

6 அக்டோபர் 2025, திங்கள்

முதல் ஷிப்ட். மாலையில் ஜிம். கையை அளந்தோம். பதினாறரை அங்குலம். ஐம்பத்தொரு வயதில் இப்படி ஒரு கை நெய்வேலியில் எவனுக்கும் இல்லை என்று ஜிம் நடத்தும் அசோக்குமார் சொன்னான். ஜனவரியில் கடலூரில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு ஆணழகன் போட்டியாம். என் பெயரைக் கொடுத்துவிட்டான். சந்தோஷம்தான். வீட்டுக்கு வந்து பனியனைக் கழற்றும்போது தோள் பிடித்துக்கொண்டது. மனைவி பிரபாதான் உருவிவிட்டாள். இதை அசோக்குமாரிடம் சொல்ல வேண்டியதில்லை.

11 அக்டோபர், சனி

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

காலையில் பிரபா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள். குவார்ட்டர்ஸ் பாத்ரூம் கதவு உள்பக்கமாகத் திறக்கும். அவள் கால் கதவில் முட்டிக் கிடந்ததால் பாதிதான் திறந்தது. நெஞ்சைத் திணித்துத்தான் உள்ளே போனேன். போய் என்ன? உட்கார முடியவில்லை. முட்டி பாதியில் நின்றுவிட்டது. குனிந்தால் இடுப்பு இழுக்கிறது. நின்றுகொண்டு கூப்பாடு போட்டிருக்கிறேன்.

"ஏங்க, கத்திகினு நிக்கிறீங்களே! கீழ உக்காந்து கை குடுங்க" என்றாள்.

மேல் வீட்டுக் கண்ணையன் அண்ணன் சத்தம் கேட்டு ஓடிவந்தார். மனிதர் ஐம்பது கிலோகூடத் தேறமாட்டார். "நீ வெளிய வா தனகோட்டி" என்றார். உள்ளே நுழைந்து குந்தி உட்கார்ந்தார். அவள் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அவ்வளவுதான்.

கணுக்காலில் விரிசல். ஆறு வாரம் கட்டு.

ஜிம்மில் நூற்றிருபது கிலோவை நெஞ்சுக்கு மேல் தள்ளுகிறேன். பிரபா ஐம்பத்தெட்டு கிலோ.

12 அக்டோபர்

அப்படியென்றால் எனக்கு இருப்பது பலமா, வேறு ஏதாவதா?

17 அக்டோபர், வெள்ளி

பிரபாவைக் காட்டப் போன இடத்தில் எனக்கும் பிரஷர் பார்த்தார் டாக்டர். கூடுதல். "எடையக் குறைங்க. வெயிட்ட கொஞ்ச நாள் மறந்துட்டு நடங்க" என்றார். மாலை அசோக்குமாரிடம் சொன்னேன். "விட்டீங்கன்னா கரைஞ்சிடும்ணா. இந்த வயசுல போன சதை திரும்ப வராது" என்கிறான். இரண்டுமே உண்மை போலத்தான் இருக்கிறது. அப்போ நான் இன்னாதான் பண்றது?

3 நவம்பர், திங்கள்

பதினைந்து நாள் ஜிம் போகவில்லை. நடந்தேன். கை பதினாறு. அரை அங்குலம் போய்விட்டது. பயத்தில் இன்று மறுபடி போய்ப் பழைய எடையையே தூக்கினேன். தோள் கொதிக்கிறது.

இந்தக் கை ஏன் இவ்வளவு வேண்டியிருக்கிறது? பதினேழு வயதில் அப்பாவோடு கூலிக்குக் களை பறிக்கப் போனபோது எல்லோருக்கும் நான் "டேய்". உடம்பு ஏற ஏற அதே வாய்கள் "வாப்பா" என்றன. பிறகு "வாங்க". வேலை பர்மனென்ட் ஆனதால் வந்த மரியாதை என்கிறாள் பிரபா. இருக்கலாம். எனக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

24 நவம்பர், திங்கள்

கட்டுப் பிரித்தார்கள். பிரபாவுக்குப் பயிற்சி சொல்லித்தரும் பிசியோதெரபி மேடம் கிருஷ்ணப்ரியா என்னையும் விடவில்லை. "சார், சுவத்துல முதுகு ஒட்டி நின்னு கைய மேல தூக்குங்க." காதுக்கு மேல் போகவில்லை. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். ஆறு எண்ணுவதற்குள் ஆடிவிட்டேன். பிரபா சிரித்தாள். எனக்குக் கோபம்.

வெயிட்டை விட்டுவிடட்டுமா என்று கேட்டேன். "விடவே கூடாது சார். வயசாக ஆக சதை தானா குறையும், அதனால வேணும். மூச்சைப் புடிச்சுத் தள்ளாதீங்க, பிரஷருக்கு ஆகாது. பாதி எடை போதும், முழுசா கீழ இறங்கி ஏறுங்க. நடையும் வேணும்."

ஒருவர் விடு என்கிறார். ஒருவன் ஏற்று என்கிறான். இவர் பாதி என்கிறார். பாதி எடையில் போட்டிக்கு எப்படி நிற்பது?

9 டிசம்பர்

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தி எழுகிறேன். பத்துத் தடவை. வலி உயிர் போகிறது.

22 டிசம்பர், திங்கள்

கம்பெனி பஸ்ஸில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்: "இன்னா தனகோட்டி, இளைச்சிட்ட, சுகரா?" மூன்றாவது ஆளிடம் எரிந்து விழுந்தேன். கை பதினைந்தரை. போட்டிக்கு வரவில்லை என்று அசோக்குமாரிடம் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வேறொரு பையனுக்கு எடை மாட்டப் போய்விட்டான். திட்டியிருந்தால் தேவலை.

சாப்பிடும்போது பிரபாவிடம் கேட்டேன், கை இப்படிச் சின்னதாகிக்கொண்டே போனால் பரவாயில்லையா என்று.

"நான் கையப் பாத்தா உங்களக் கட்டிகினேன்?"

பின்னே எதைப் பார்த்து? கேட்கவில்லை.

18 ஜனவரி 2026, ஞாயிறு

போகக் கூடாது என்றிருந்தேன். கடைசியில் கடலூர் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். முதல் பரிசு வாங்கியவருக்கு ஐம்பத்தாறு வயது. என்ன கை! பொறாமையில் என் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். பரிசு வாங்கியவர் மேடையை விட்டு இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்துப் பக்கவாட்டில் இறங்கினார். வேறு யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் அவர் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் பொறாமை போகவில்லை. இது என்ன புத்தி?

1 பிப்ரவரி, ஞாயிறு

தைப்பூசம். பிரபாவும் நானும் வடலூர் போய்வந்தோம். கூட்டத்தில் நான்கு மணி நேரம் நின்றபடியே இருந்தோம். ஜோதி பார்த்துவிட்டு அன்னதானப் பந்திக்குப் போனோம். பசி. இலை போட்டார்கள், சாம்பார் சாதம் வந்தது. இரண்டாம் தடவை வாங்கும்போது பிரபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா?" என்றேன்.

"எப்ப உக்காந்தீங்க?"

அப்போதுதான் பார்த்தேன். சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். எப்படி உட்கார்ந்தேன் என்று நினைவில்லை.

பந்தி முடிந்ததும் நான் முதலில் எழுந்து அவளுக்குக் கை கொடுத்தேன்.