புளி போட்டுத் தேய்த்த ரவைக் கோதுகள்

ஒக்டோபர், வியாழன் இரவு

மான் வேட்டைக்கான ரவைகளை வீட்டிலேயே நிரப்பிப் பழகலாமென்று கருவியை வாங்கி வந்து பேஸ்மென்ட் மேசையில் பூட்டினேன். "வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்த ஆக்கள் நாங்கள். வீட்டுக்குள்ளை வெடிமருந்தோ?" என்று கேட்ட மனைவி, மூன்று நாளாகப் பேசவில்லை.

இன்று வேலையால் வந்து பார்த்தால், திருப்பி நிரப்பவென்று வைத்திருந்த, சுட்டுக் கறுத்த ஐம்பது வெற்றுப் பித்தளை ரவைக் கோதுகளும் மேசையில் இல்லை. எறிந்துவிட்டாள் என்றே நினைத்தேன். மேலே ஓடினால், சாமித்தட்டில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வரிசையாக மின்னிக்கொண்டு நிற்கின்றன. பழப்புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

"என்னப்பா உது?" என்றேன்.

"வெடியோ கிடியோ, பித்தளையை உப்பிடி ஊத்தையா வைச்சிருக்கிறதே? மிச்சம் இருந்தாக் கொண்டு வாங்கோ, புளி கரைச்சபடி கிடக்கு."

கோது துலக்கும் மெஷினுக்குக் கொடுத்த ஓர்டரை இப்போதுதான் கான்சல் செய்தேன்.